ஜெரோமின் இடது கன்னமும் நான் சொன்ன பொய்யும்

நம் கிளினிக்கில் புதிதாகச் சேர்ந்திருக்கும் டாக்டர்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். எழுதலாம் என்று உட்கார்ந்தால், உங்களுக்குத் தெரியாத எதை நான் எழுதிவிடப் போகிறேன் என்று தோன்றுகிறது. எந்தத் தழும்புக்கு எந்த லேசர், எவ்வளவு ஆழம், எத்தனை வார இடைவெளி என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும். நான் படித்த காலத்தில் லேசர் என்பது பாடப்புத்தகத்தில் ஒரு படம், அவ்வளவுதான். மெஷினை முதன்முதலாகத் தொட்டபோது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. அதனால் மெஷினைப் பற்றி நான் வாய் திறக்கப் போவதில்லை. வாய் திறந்து நான் சொன்ன ஒரு பொய்யைப் பற்றிச் சொல்கிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் இந்த ராமநாதபுரத்தில் தோல் வைத்தியம் பார்த்து ஓய்வு பெற்றவள் சொல்வதால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஊரைப் பற்றி. நீங்கள் சென்னையிலும் கோவையிலும் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அங்கே லேசர் முடிந்ததும் “வெயிலில் போகாதீர்கள்” என்று சொன்னால் ஆட்கள் தலையாட்டிவிட்டு ஏசி காரில் ஏறிப் போவார்கள். இங்கே அதே வாக்கியத்தை ஒரு மீனவரிடமோ கடலில் இறங்கிப் பாசி எடுக்கிற அம்மாவிடமோ சொன்னால், நீங்கள் ஏதோ வேற்றுமொழியில் பேசிய மாதிரி பார்ப்பார்கள். நான் எழுதிக் கொடுத்த சன்ஸ்கிரீனை ஒருவர் இரண்டு மாதம் தவறாமல் பூசினார். தினமும் ராத்திரி படுக்கப் போகும் முன்னால். காலையில் பூசினால் கடல் தண்ணீரில் போய்விடும், வீணாகுமே என்றார். நம் தோல் கறுப்புத் தோல், லேசர் பட்ட இடத்தில் வெயிலும் பட்டால் தழும்பு குறைவதற்குப் பதில் கறுத்துத் தடித்துப் போகும் என்பது உங்களுக்குத் தெரியும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் சொன்ன பொய் இந்த உண்மைக்குள்தான் ஒளிந்திருந்தது.

ஒரு பிப்ரவரி மாதம் தங்கச்சிமடத்திலிருந்து ஜெரோம் என்று ஒரு பையன் வந்தான். பையன் என்கிறேனே, இருபத்தேழு வயது. விசைப்படகில் வேலை. கூடவே அவன் அம்மா பிலோமினா. ஜெரோமின் இடது நெற்றிப் பொட்டில் தொடங்கி, காதை ஒட்டி இறங்கி, தாடை வரைக்கும் ஒரு தழும்பு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வலையை இழுக்கும்போது விஞ்சு மெஷினின் இரும்பு வயர் அறுந்து முகத்தில் அடித்திருக்கிறது. கண் தப்பியது பெரிய விஷயம். கரைக்கு வந்து சேர்ந்து தையல் போடுவதற்குள் அரை நாள் ஆகிவிட்டதால் காயம் சரியாகக் கூடவில்லை. மேலே பள்ளம், கீழே தாடையில் கயிறு மாதிரி மேடு. பார்க்கிறவர்கள் யாரும் அதை வயர் பட்டது என்று நினைக்க மாட்டார்கள். அரிவாள் வெட்டு என்றுதான் நினைப்பார்கள். சொல்வதற்கு வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், கதவைத் திறந்து அவன் உள்ளே வந்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன்.

“எம்புட்டு சீக்கிரத்துல போகும் டாக்டரம்மா?” என்பதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி.

“முழுசாப் போகாதுப்பா. தாடையில இருக்க மேட்டுக்கு ஊசி போட்டு அமுக்கலாம். மேல லேசர். அஞ்சாறு சிட்டிங் ஆகும், மாசத்துக்கு ஒண்ணு. நல்லாக் குறையும்.”

“மூணு மாசத்துல பாதியாச்சும் கொறையுமா?”

“என்ன அவசரம்? பொண்ணு பாத்திருக்கா?” என்று கேட்டேன். இது நான் எல்லாப் பையன்களிடமும் கேட்பது. அவன் சிரித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். சிரித்தால் அது கல்யாணம்தான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். முன்னால், பக்கவாட்டில், சாய்த்து என்று மூன்று படம் எடுத்தோம். அடுத்த வியாழக்கிழமை வா, தாடைக்குக் கீழே சின்ன இடத்தில் லேசரை வைத்துப் பார்ப்போம், தோல் எப்படித் தாங்குகிறது என்று தெரிந்துகொண்டு மேலே போகலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. பிலோமினா மட்டும் திரும்பி வந்தார், குடையை விட்டுவிட்டேன் என்று. குடை அவர் கையிலேயே இருந்தது.

நம் ஊரில் வைத்தியம் பார்ப்பவர்கள் எல்லாருக்கும் இந்தக் குடை தெரியும். நோயாளி வெளியே போனபிறகு கூட வந்தவர் மட்டும் எதையோ மறந்தவர் போல் திரும்பி வருவார். அதுவரை பேசாத பேச்செல்லாம் அப்போதுதான் வரும். மதுரையில் எனக்குப் பாடம் எடுத்த பேராசிரியர் ஒருவர், நோயாளி எழுந்து கதவில் கை வைக்கும்போது சொல்வதைக் கவனியுங்கள், உண்மையான பிரச்சினை அப்போதுதான் வெளியே வரும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அருமையான ஆசிரியர். அவர் சொன்னது நோயாளியைப் பற்றி. நான் அதை நோயாளியின் அம்மாவுக்குப் பொருத்தினேன்.

“ஒரு நிமிசம் டாக்டரம்மா. அந்தத் தழும்ப எடுத்துராதீங்க” என்றார் பிலோமினா.

“ஏம்மா? பையனே கேக்கிறானே.”

“அவனுக்குத் தெரியாது. அப்பச் சின்னப்புள்ள, நாலு வயசு.” நின்றுகொண்டே பேசினார், உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. “இவன் அப்பா போன போட்டுல நாலு பேரு. போட்டு கவுந்து அஞ்சு நாளு கழிச்சு ரெண்டு ஒடம்புதான் கெடச்சுச்சு, உச்சிப்புளிப் பக்கம் கரை ஒதுங்கி. மூஞ்சி இல்ல டாக்டரம்மா. சட்டை இல்ல. ஒண்ணும் இல்ல. அவருக்கு வலது கெண்டைக்கால்ல திருக்கை முள்ளு குத்துன தழும்பு, வெரல் நீளத்துக்கு இருக்கும். அதப் பாத்து இவருதான்னு சொன்னேன். வீட்டுக்குக் கொண்டாந்து, கோயில்ல பூசை வச்சு, அடக்கம் பண்ணோம். இன்னொரு ஒடம்பு யாருதுன்னு மத்த மூணு வீட்டுலயும் சொல்ல முடியல. அங்கனயே பொதைச்சுட்டாக. எங்க பக்கத்து வீட்டுக்காரி இன்னைக்கு வரைக்கும் தாலியக் கழட்டலாமா வேணாமான்னு இருக்கா. கல்லறைத் திருநாளுக்கு நாங்கல்லாம் மெழுகுவத்தி எடுத்துக்கிட்டுப் போவோம். அவளுக்குக் கொளுத்த ஒரு குழி இல்ல.”

இப்போது அதற்கெல்லாம் டி.என்.ஏ. பரிசோதனை இருக்கிறது என்று ஏதோ முணுமுணுத்தேன்.

“அதெல்லாம் வந்து சேர மாசக்கணக்காகும்னு சொல்றாக. அது வரைக்கும் பெத்தவ என்ன பண்றது? ஒடம்புல ஒரு மச்சம் கெடையாது இவனுக்கு. ஆண்டவன் குடுத்த அடையாளம் இது ஒண்ணுதான். எடுக்க முடியாதுன்னு சொல்லிருங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.”

வெளியே பதினைந்து பேர் காத்திருந்தார்கள். ஒரு குழந்தை விடாமல் அழுதுகொண்டிருந்தது. எதிரே ஓர் அம்மா தன் மகனின் பிணத்துக்கு அடையாளம் கேட்டு நிற்கிறார். என் மனசு அப்படியே கரைந்துவிட்டது. அழகுக்காகப் பையன் கேட்கிறான், மானத்தோடு அடக்கம் பண்ண அம்மா கேட்கிறாள், இதில் எது பெரிது என்று எனக்குள் தராசு பிடித்தேன். தராசின் ஒரு தட்டில் என்ன இருக்கிறது என்று அந்தப் பையனிடம் நான் கேட்கவே இல்லை. “நான் பாத்துக்கிறேம்மா, நீங்க போங்க” என்றேன்.

வியாழக்கிழமை ஜெரோம் தனியாக வந்தான். முகத்தை நன்றாகச் சவரம் செய்துகொண்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். நான் அவன் தாடையைத் தடவிப் பார்த்தேன். யோசிப்பது போல் கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு சொன்னேன், “உன் தோலுக்கு லேசர் ஒத்துவராதுப்பா. நீ கடல்ல வேலை பாக்குற ஆளு. வெயில் பட்டா கறுத்துடும், இப்ப இருக்கிறதைவிட மோசமாகிடும். இதோட விட்டுடு.”

இதில் எந்த வாக்கியத்தையும் தனியாக எடுத்துத் தப்பென்று நிரூபிக்க முடியாது. ஒரு கமிட்டியின் முன்னால் உட்கார வைத்துக் கேட்டாலும் நான் ஜெயித்துவிடுவேன். பொய் சொல்ல வேண்டும் என்று வந்துவிட்டால் டாக்டரைப் போல வசதி யாருக்கும் கிடையாது, எதிரே இருப்பவருக்குச் சரிபார்க்க வழியில்லை.

ஜெரோம் எழுந்திருக்கவில்லை. “வெயில்ல போகாம இருந்தா?” என்று கேட்டான்.

இந்தக் கேள்வியை நீங்கள் அடிக்கோடிட்டுப் படியுங்கள். கடலில் வேலை பார்க்கிற ஒருவன் வெயிலில் போகாமல் இருந்தால் என்று கேட்கிறான். காது இருக்கிற எந்த டாக்டரும் அந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். “உங்க தொழிலுக்கு அது நடக்கிற காரியமா?” என்றேன். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அடுத்த நோயாளி கதவைத் தள்ளிக்கொண்டு பாதி உள்ளே வந்துவிட்டார். “சரிங்க டாக்டரம்மா” என்று எழுந்து போய்விட்டான்.

எங்கள் நர்ஸ் முத்துலட்சுமி, படங்களை எடுத்தவள், “போன வாரம் செய்யலாம்னீங்களே டாக்டர்?” என்று கேட்டாள். வேலையைப் பார் என்று எரிந்து விழுந்தேன். அன்றைக்கு மத்தியானம் எனக்கு ஏதோ புண்ணியம் செய்துவிட்ட நினைப்பு. நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன்.

அதன் பிறகு ஏப்ரல் வந்தது, மீன்பிடித் தடைக்காலம் வந்தது, இரண்டு மாதம் எல்லா விசைப்படகுகளும் கரையில் கட்டிக் கிடந்தன. ஜூன் மாதம் தடை முடிந்து மறுபடி கடலுக்குப் போகத் தொடங்கினார்கள். தொடங்கிய இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு பிலோமினா வந்தார். டோக்கன் வாங்கவில்லை. நேராக என் அறைக்குள் வந்துவிட்டார். கூட உறவுக்காரர் ஒருவர்.

“ஜெரோம் போன போட்டு வரல” என்றார்.

ஒரு ராத்திரி தங்கி மறுநாள் காலையில் திரும்புகிற படகுகள் அவை. கூடப் போனவை எல்லாம் வந்துவிட்டன, இது மட்டும் இரண்டு நாளாக வரவில்லை, காற்று வேறு பலமாக இருக்கிறது என்று உறவுக்காரர் சொன்னார். தேடப் போயிருக்கிறார்கள். போலீஸில் ஆளின் அடையாளம் கேட்கிறார்கள்.

“போட்டா கேக்காக டாக்டரம்மா, தழும்பு தெரியுற மாதிரி. வீட்டுல ஒண்ணுகூட இல்ல” என்றார் பிலோமினா. “போன்ல அம்புட்டு போட்டா கெடக்கு. தங்கச்சி கல்யாணத்துல எடுத்தது, திருவிழாவுல எடுத்தது. எல்லாத்துலயும் வலது பக்கத்தத்தான் காட்டி நிக்கான். இந்த ரெண்டு வருசமா அப்படித்தான் நின்னுருக்கான், நான் கவனிக்கவே இல்ல. நீங்கதான அந்தப் பக்கம் எடுத்தீங்க, அதக் குடுங்க.”

நோயாளியின் படத்தை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே கொடுக்கக் கூடாது. உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். சம்மதம் கொடுக்க வேண்டியவன் கடலில் எங்கே இருக்கிறான் என்று தெரியாது. முத்துலட்சுமியிடம் மூன்று படத்தையும் எடுத்துக் கொடுக்கச் சொன்னேன். அது சரியா என்று இன்றைக்கும் நீங்கள் என்னோடு வாதாடலாம். எனக்கு அந்த நிமிஷத்தில் அதில் சந்தேகமே வரவில்லை. என்னைக் குத்தியது வேறு. படங்களை வாங்கிக்கொண்ட பிலோமினா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “நல்லவேள, நீங்க அன்னைக்கு எடுக்கல. புண்ணியமாப் போவும்” என்றார்.

நான் அந்தப் பையனைச் செத்துப் போனவனாக வைத்துத்தான் பிப்ரவரியில் முடிவெடுத்திருக்கிறேன் என்பது அந்த நன்றியைக் கேட்டபோதுதான் உறைத்தது. உயிரோடு என் எதிரே உட்கார்ந்திருந்தவன் எதற்காக வந்தான் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு நான் எந்த நோயாளியையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் முத்துலட்சுமிக்கு முன்னால் நானே ஓடிப்போய் எடுத்தேன்.

அடுத்த நாள் மாலையில் படகு வந்து சேர்ந்தது. எஞ்சின் நின்றுபோய், காற்றும் நீரோட்டமும் இழுத்த பக்கமெல்லாம் போய், கடைசியில் வேறொரு ஊர்ப் படகு பார்த்துக் கட்டி இழுத்து வந்திருக்கிறது. ஜெரோமோடு சேர்த்து ஆறு பேருக்கும் உயிருக்கு ஒன்றும் இல்லை. உறவுக்காரர் போன் செய்து சொன்னார். நான் பாத்ரூமுக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தேன்.

பத்து நாள் கழித்து ஜெரோம் வந்தான். உதடு இன்னும் வெடித்துத் தோல் உரிந்துகொண்டிருந்தது. படத்தைக் கொடுத்ததற்குச் சண்டை போட வந்திருக்கிறான் என்று நினைத்தேன். நாலு ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் அந்தப் படம் சுற்றியது எனக்கே தெரியும். இரண்டு வருஷமாக யாருக்கும் காட்டாமல் மறைத்த பக்கத்தை நான் எல்லார் போனுக்கும் அனுப்பி வைத்திருக்கிறேன்.

“போட்டாவப் பத்திக் கேக்க வரல டாக்டரம்மா. அது உசுருக்குத் தேடுறப்பக் குடுத்தது” என்றான். “அன்னைக்கு ஒண்ணு கேட்டேன், நீங்க பதில் சொல்லல. வெயில்ல போகாம இருந்தா எடுக்கலாமா?”

அப்போதுதான், நாலு மாதம் தாமதமாக, நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். “எதுக்காக எடுக்கணும்கிற ஜெரோம்?”

ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில் வரவேற்பறை வேலைக்குக் கேட்டிருக்கிறான். இந்தி கொஞ்சம் வரும், பள்ளிப் படிப்பு முடித்திருக்கிறான். மேனேஜருக்கு அவனைப் பிடித்துவிட்டது. ஆனால் வடநாட்டிலிருந்து குடும்பத்தோடு வருகிறவர்கள் ராத்திரி பத்து மணிக்கு வந்து இந்த முகத்தைப் பார்த்தால் பயப்படுவார்கள், ஏதாவது வைத்தியம் பார், மூன்று மாதம் இடத்தை வைத்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். இதற்கு முன்னால் இரண்டு இடத்தில் அதைக்கூடச் சொல்லாமல் அனுப்பிவிட்டார்கள். கல்யாணமும் இல்லை, ஒன்றும் இல்லை. அவனுக்குக் கரையில் ஒரு வேலை வேண்டியிருந்தது.

“அம்மாட்டச் சொல்லலையா?”

“கெடச்சாச் சொல்லலாம்னு இருந்தேன். அப்பா போனதுலருந்து நான் கடலுக்குப் போற அன்னைக்கெல்லாம் அவங்க சாப்பிடுறதில்ல. ஆசை காட்டிட்டு இல்லன்னு ஆயிருச்சுன்னா தாங்க மாட்டாங்க.”

மகன் கடலில் போய்விட்டால் அடையாளம் தெரிய வேண்டும் என்று அம்மா கேட்டார். அம்மாவுக்கு அந்தப் பயமே வேண்டாம் என்று மகன் வந்திருக்கிறான். ஒரே பயம்தான் இரண்டு பேருக்கும். இருவரும் மாறி மாறி என் அறைக்கு அதைத்தான் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். நடுவில் உட்கார்ந்திருந்த நான் அவனிடம் கேட்காமலும், அம்மா கேட்டதை மறைத்தும், அவனை மறுபடி அதே படகில் ஏற்றி அனுப்பினேன். அதைவிடக் கேவலம், தடைக்காலத்தில் இரண்டு மாதம் அவன் கரையில்தான் இருந்தான். வெயில் படாமல் வைத்தியம் பார்க்க அதைவிட நல்ல காலம் ஒரு மீனவனுக்குக் கிடைக்காது. முப்பது வருஷம் இந்த ஜில்லாவில் இருந்தும் எனக்கு அது தோன்றவில்லை. நம் கிளினிக்கில் படகுக்காரர்களுக்கு ஏப்ரல் பாதியில் சிட்டிங் தொடங்குகிறோமே, அது இதற்குப் பிறகு வந்த பழக்கம்.

நான் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா திரும்பி வந்தது, அடையாளம் கேட்டது, நான் ஒத்துக்கொண்டது. லேசர் ஒத்துவராது என்று சொன்னது பொய் என்பதையும் சொன்னேன். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை, மேஜைமேல் இருந்த கையுறைப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அந்த லாட்ஜ் வேலைக்கு வேறு ஆள் வந்தாயிற்று என்று மட்டும் சொன்னான். எழுந்து கதவு வரைக்கும் போனான். பிறகு திரும்பி, “அவங்க எனக்கு அம்மா. கேக்கத்தான் செய்வாங்க. நீங்க டாக்டரு” என்றான். குரலை உயர்த்தவில்லை. நான் வாங்கிய எந்தத் திட்டும் அதற்குப் பக்கத்தில் வராது.

போய்விட்டான் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலையில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றான். “நான் இருக்கேன், அவங்களும் இருக்காங்க. ரெண்டு பேருக்கும் சேத்துச் சொல்லுங்க” என்றான். முத்துலட்சுமியிடம், கதவைச் சாத்திவிட்டு யாரையும் உள்ளே விடாதே என்றேன். எவ்வளவு குறையும், எது குறையாது, எத்தனை மாதம் ஆகும், வெயிலில் போனால் என்ன ஆகும் எல்லாவற்றையும் சொன்னேன். வேண்டாம் என்று விட்டுவிட்டாலும் தப்பில்லை, அதுவும் ஒரு வழி என்று சொன்னேன். லாட்ஜ் விஷயத்தை அவனே சொன்னான்.

பிலோமினா மகனைப் பார்த்தார். “ஏலே, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

“நீயும்தான் எங்கிட்டச் சொல்லல.”

பிலோமினா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “கரையிலயே இருந்துருவியா?” என்று கேட்டார்.

“வேல கெடச்சா இருப்பேன்.”

“கெடைக்கலன்னா?”

“அப்பப் பாப்போம்மா. பொய் சொல்ல மாட்டேன்.”

“செய்ங்க டாக்டரம்மா” என்றார் பிலோமினா. முழு மனசோடு சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மகனுக்கு முன்னால் சொன்னார்.

அக்காள்மடத்தில் ஐஸ் கம்பெனி ஒன்றில் ஜெரோம் வேலைக்குச் சேர்ந்தான், கூரைக்கடியில் வேலை. தாடைக்கு ஊசி, மேலே லேசர் என்று மாதாமாதம் வந்தான். தழும்பை அமுக்க ஒட்டுகிற சிலிகான் ஒட்டு வியர்வையில் நிற்காமல் கழன்றபோது பிலோமினா பருத்தித் துணியில் கட்டுத் தைத்துக் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளினிக் வரைக்கும் இருபத்தேழு வயது மகனுக்குக் குடை பிடித்துக்கொண்டே வருவார். அவனுக்கு மானம் போகும். நாலாவது சிட்டிங்குக்கு வரும்போது ராமேஸ்வரத்திலேயே வேறொரு லாட்ஜில் சேர்ந்திருந்தான், சாவி கொடுக்கிற வேலை. அந்த மேனேஜர் முகத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, தமிழையும் இந்தியையும்தான் சோதித்தார் என்று சிரித்தான். அந்த மேனேஜரைப் பார்த்து ஒரு கும்பிடு போட வேண்டும் போல் இருந்தது எனக்கு.

ஜனவரியில் ஐந்தாவது சிட்டிங்கும் முடிந்து, ஆறாவதுக்கு வந்தான். பிலோமினா வெளியே பெஞ்சில் இருந்தார். தாடை மேடு அமுங்கிவிட்டது. மேலே இருந்த பள்ளம் பாதி நிரம்பியிருந்தது. நெற்றிப் பொட்டிலிருந்து காது வரைக்கும் மெல்லிய கோடு மட்டும், கிட்டத்தில் வந்து பார்த்தால் தெரிகிற அளவுக்கு. நான் கண்ணாடியை அவன் கையில் கொடுத்துவிட்டு மெஷினைத் தயார் செய்தேன். இன்னும் ஒன்றிரண்டு தடவை செய்தால் அந்தக் கோடும் மங்கிவிடும் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

அவன் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தான். கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தான். “போதும் டாக்டரம்மா. இதுக்கு மேல வேணாம்.”

இந்தத் தடவை கேட்டேன். “ஏன் ஜெரோம்?”

அவன் சாத்தியிருந்த கதவைப் பார்த்தான். “இம்புட்டு இருக்கட்டும். எங்கம்மாவுக்கு.”

நான் மெஷினை அணைத்தேன்.